ஆலுவாவில் இறங்கியது: மூன்று மடக்கு சைக்கிளோடு ஒரு நாள் கொச்சி

பின்னணி

கோவையில் விடிவதற்குள் ரயில் ஏறினால் நாலு மணி நேரத்தில் கொச்சி, சுற்றிப் பார்த்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம் என்பது இந்த ஊரில் பலரும் போடும் கணக்குதான். நாங்கள் அதில் ஒரு நிபந்தனை சேர்த்தோம்: டாக்ஸி கிடையாது, வாடகை ஸ்கூட்டர் கிடையாது, ரயில், மெட்ரோ, படகு, நடுவில் எங்கள் சைக்கிள். அவ்வளவுதான்.

போனது மூன்று பேர். அக்கா, வயது 52, வாரத்தில் நாலு நாள் காலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டுகிறவர். மாமா, 57, அரசு வேலை, சைக்கிளில் ஆர்வம் சுமார்தான், ஆனால் மீனுக்காக எங்கே வேண்டுமானாலும் வருவார். மூன்றாவது நான். திட்டம் முழுக்க என்னுடையது, அதனால் கீழே வரும் பிசகுகளில் பெரும்பாலானவையும் என்னுடையவைதான்.

முழு சைக்கிள் என்றால் பார்சல் அலுவலகத்தில் பதிந்து லக்கேஜ் வேனில் ஏற்ற வேண்டும், ஒரு நாள் பயணத்துக்கு அது ஒத்துவராது. அதனால் 20 இஞ்ச் சக்கரம் வைத்த மடக்கு சைக்கிள். இரண்டு எங்களிடம் இருந்தது, மூன்றாவது நண்பரிடம் இரவல். ஒவ்வொன்றும் 12, 13 கிலோ. அக்கா உயரத்துக்கு இரவல் வண்டி சரியாக இருக்கும் என்று அதை அவருக்குக் கொடுத்தோம். இந்த ஒரு வரி பின்னால் முக்கியமாகிறது.

திட்டம்

கொச்சியைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணம். ஊர் சமதளம், பாலங்களைத் தவிர மேடே இல்லை. இரண்டாவது, கொச்சி மெட்ரோ 2020 நவம்பரிலிருந்து சைக்கிளை ரயிலுக்குள் விடுகிறது. முதலில் ஆறு நிலையங்களில் ஆரம்பித்து அப்புறம் எல்லா நிலையத்துக்கும் கொண்டுவந்தார்கள், தனிக் கட்டணம் இல்லை, மடக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. இதைப் படித்ததிலிருந்து எனக்கு மெட்ரோவில் சைக்கிளோடு போயே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது.

அந்த ஆசையில்தான் முதல் தவறான முடிவு. நாங்கள் ஏறிய ரயில் எர்ணாகுளம் வரைக்கும் போகிறது. ஆனால் மெட்ரோ ஆரம்பிப்பது ஆலுவாவில். ஆகவே ஆலுவாவிலேயே இறங்கி, ஒரு கிலோமீட்டர் போல சைக்கிளில் மெட்ரோ நிலையம், அங்கிருந்து எம்.ஜி. ரோடு, அப்புறம் ஹைகோர்ட் ஜங்ஷன் வழியாகக் கோஸ்ரீ பாலங்கள், வைப்பின் துறை, அங்கே வண்டிகளை ஏற்றும் ஜங்காரில் ஏறி ஃபோர்ட் கொச்சி. ஆலுவாவில் காலை 8:20, ஃபோர்ட் கொச்சியில் 9:40 என்று எழுதி வைத்திருந்தேன்.

திரும்பும் வழி வேறு: மட்டாஞ்சேரி, தோப்பும்படி, பழைய பாலம், வில்லிங்டன் தீவு, வெண்டுருத்தி பாலம், எர்ணாகுளம் ஜங்ஷன். 13 கிலோமீட்டர் வரும். துறைமுகத்துக்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தீவு வில்லிங்டன். ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் 1920-ல் கொச்சிக்கு வந்து செய்த வேலை. கடலை ஆழப்படுத்திய மண்ணில் சைக்கிள் ஓட்டுவது என்பது எனக்கு ஒரு கவர்ச்சி. மாமாவுக்கும் அக்காவுக்கும் அது இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

மாமாவுக்கு இரண்டாம் சனிக்கிழமை விடுமுறை, எனவே நாள் சனிக்கிழமை. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை என்று பார்த்து, சனி சரி என்று குறித்துக்கொண்டேன். பக்கத்துத் தெருவில் இருக்கும் யூதர் ஆலயத்துக்கு எது விடுமுறை என்று பார்க்கவில்லை. யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள் என்று தெரியாதவன் அல்ல நான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்த விஷயம் வேலை நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

காலை: 8:20 முதல் 11:30 வரை

ரயிலில் சைக்கிள்களை எங்கே வைப்பது என்பதில் சின்னச் சிக்கல். 20 இஞ்ச் வண்டி மடக்கினாலும் கீழ் பெர்த்துக்கு அடியில் போகாது. கதவுப் பக்கம் வாஷ்பேசின் ஓரமாக மூன்றையும் நிறுத்தி ஒரே சங்கிலியில் பூட்டினோம். போர்வையைப் போட்டு மூடியதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு பேர் மட்டும் அதன் மேல் உட்காரப் பார்த்தார்கள்.

ஆலுவாவில் சொன்ன நேரத்துக்கு இறங்கினோம். ஃபோர்ட் கொச்சியில் கால் வைத்தபோது மணி 11:30. போனில் பயணப் பதிவு ஓடிக்கொண்டிருந்ததால் இந்த 190 நிமிடம் எங்கே போனது என்று வீட்டுக்கு வந்து துல்லியமாகப் பார்க்க முடிந்தது.

நகர்ந்துகொண்டிருந்தது மொத்தம் 84 நிமிடம்: ஆலுவாவுக்குள் சைக்கிள் 7, மெட்ரோ 30, எம்.ஜி. ரோட்டிலிருந்து வைப்பின் துறை வரை சைக்கிள் 42, ஜங்கார் 5. என் திட்டத்தில் எழுதியிருந்தது 80. அதாவது ஓட்டும் நேரத்தை நான் தப்பாகக் கணக்கிடவே இல்லை. மீதி 106 நிமிடம் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். ஆலுவா பிளாட்பாரத்தில் மூன்று வண்டியை விரித்துப் பைகளைக் கட்ட 18, இட்லிக்கும் டீக்கும் 22, மெட்ரோவில் பை சோதனை, டிக்கெட், லிஃப்ட், ரயிலுக்குக் காத்திருந்தது எல்லாம் சேர்த்து 19, எம்.ஜி. ரோட்டில் வெளியே வந்து திசை பிடிக்க 12, வல்லார்பாடத்தில் போட்டோவும் தண்ணீரும் 15, வைப்பினில் டிக்கெட்டும் வரிசையும் 20. ஒன்றுகூட வீண் வேலை இல்லை பாருங்கள். எல்லாம் நடந்தே ஆக வேண்டியவை, ஆனால் என் தாளில் ஒன்றுகூட இல்லை.

மெட்ரோ பயணம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. மூன்று பெட்டி ரயில், அதன் கோடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றோம், ஒரு பாட்டி அக்காவிடம் மலையாளத்தில் எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தார். ஆனால் அந்த ஒரு ஆசைக்காக இரண்டு மாற்றங்களைக் கூட்டிக்கொண்டோம். அதே ரயிலில் உட்கார்ந்தே இருந்திருந்தால் எர்ணாகுளத்தில் வண்டியை ஒரே தடவை விரித்திருக்கலாம்.

கோஸ்ரீ பாலங்கள் 2004-ல் திறந்தவை. எர்ணாகுளம் கரையைப் போல்காட்டி, வல்லார்பாடம், வைப்பின் தீவுகளோடு கோக்கும் மூன்று பாலம். படத்தில் பார்க்க அழகாக இருக்கும், நேரிலும் அழகுதான், தண்ணீருக்கு மேல் போகிற சுகமே தனி. படத்தில் தெரியாதது காற்றும் லாரியும். வல்லார்பாடத்தில் கண்டெய்னர் முனையம் இருக்கிறது, பாதையின் ஒரு பகுதியில் நாற்பதடிப் பெட்டி சுமந்த லாரிகள் நம் முழங்கையை ஒட்டிப் போகும். நான் முன்னால், அக்கா நடுவில், மாமா கடைசியில் என்று ஒரே வரிசையில் போனோம். மாமாதான் பின்னாலிருந்து "லாரி, லாரி" என்று கத்திக்கொண்டே வந்தார். சின்னப் பிள்ளைகளோடு இந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வைப்பின் துறையில் சனிக்கிழமைக் கூட்டம். 2018-லிருந்து இங்கே லாரி, கார் எல்லாம் ஏற்றும் ரோ-ரோ படகுதான் ஓடுகிறது, பேச்சில் மட்டும் அது இன்னும் ஜங்கார். கார்களுக்கு நடுவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், ஐந்தே நிமிடத்தில் அக்கரை. அக்கரை வரும்போது சீன வலைகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். அந்த ஐந்து நிமிடத்துக்காக மட்டும் இந்த வழியை இன்னொரு முறை யோசிப்பேன்.

நடுப்பகல்: முழங்கால்

பத்து மணிக்கே பார்த்திருக்க வேண்டியதை நண்பகல் வெயிலில் பார்த்தோம். ஜனவரிதான், ஆனால் கொச்சி ஈரப்பதத்துக்கு ஜனவரி ஒன்றும் பெரிதாகத் தெரிவதில்லை, கோவை உடம்பு அரை மணி நேரத்தில் நனைந்துவிடும். வலைகளின் ஓரம் கொஞ்ச நேரம். ஒரு முனையில் வலை, மறு முனையில் கயிற்றில் தொங்கும் பாறாங்கற்கள், நாலு பேர் இழுத்தால் முழு வலையும் தண்ணீரை விட்டு எழும்புகிறது. அப்புறம் புனித பிரான்சிஸ் தேவாலயம். 1503-ல் தொடங்கியது, வாஸ்கோ ட காமாவை 1524-ல் புதைத்த இடம் உள்ளே இருக்கிறது, எலும்பைப் பிறகு போர்ச்சுகலுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாமாவுக்கு மீன் சாப்பாடு. அதைப் பற்றி எழுதினால் கட்டுரை திசை மாறிவிடும்.

சாப்பிட்டு வேளி பக்கம் இருக்கும் தோபிக்கானாவுக்கு, அதாவது துணி வெளுக்கும் இடத்துக்கு, போகும்போது அக்கா பின்தங்கினார். வலது முழங்கால் வலிக்கிறது என்றார். எனக்கு முதலில் தோன்றியது வயது, வெயில், தூரம். மூன்றும் தப்பு. அதுவரை அவர் ஓட்டியது பத்து, பதினோரு கிலோமீட்டர்தான், வீட்டில் வழக்கமாக ஓட்டுகிற அளவு.

தோபிக்கானா வாசலில் மூன்று வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியபோதுதான் கண்ணில் பட்டது. காலையில் அக்காவின் சீட்டை நான்தான் உயரம் வைத்தேன். சீட் குழாயில் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தேன். அந்தக் கோட்டைக் காணோம். குனிந்து பார்த்தால் சீட் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்புக்குக் கீழே, குழாய்க்குள் போய்விட்டிருக்கிறது. சீட் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி மூன்று விரல்கடை அளவு தாழ்ந்திருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் தேவைக்கு மேல் மடங்கியிருக்கிறது, அக்காவுக்கும் அது தெரியவில்லை, மெதுவாக இறங்கினால் யாருக்குத்தான் தெரியும்.

காரணம் கிளாம்ப்பின் நெம்புகோல். காலையில் அதை ஒரு விரலால் தள்ளியே மூடினேன். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். இறுக்கமான நெம்புகோல் என்றால் உள்ளங்கையை வைத்து அழுத்த வேண்டியிருக்கும், எடுத்த பிறகு கையில் தடம் விழும். சரிசெய்வது அரை நிமிட வேலை: நெம்புகோலைத் திறந்து, எதிர்ப்பக்கத்து நட்டை அரைச் சுற்று முறுக்கி, திரும்ப மூடுவது. செய்தேன், சீட் அசையாமல் நின்றது. ஆனால் முழங்கால் ஏற்கெனவே வீங்க ஆரம்பித்துவிட்டது.

அங்கே உட்கார வைத்தோம். தோபிக்கானாவில் வேலை செய்வது தமிழ் வண்ணார் சமூகத்தினர். டச்சுக்காரர்கள் காலத்தில் படைவீரர்களின் துணி வெளுக்க இவர்களின் முன்னோரைத் தமிழ்ப் பகுதியிலிருந்து கூட்டிவந்ததாகச் சொல்கிறார்கள். வரிசையாகத் தொட்டிகள், பின்னால் வெள்ளை வேட்டிகள் காயும் மைதானம். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு "கோயமுத்தூரா?" என்றார். மலையாள வாடை அடிக்கும் தமிழ். ஸ்டூல் கொடுத்தார், முழங்காலில் ஒத்தடம் கொடுக்க ஈரத்துணியும். திட்டத்தில் பதினைந்து நிமிடம் என்று எழுதியிருந்த இடத்தில் முக்கால் மணி நேரம் இருந்தோம். அன்றைய நாளில் மூன்று பேரும் ஒரே குரலில் நல்ல இடம் என்று சொன்னது இதை மட்டும்தான்.

பிற்பகல்: மட்டாஞ்சேரியும் ஒரு முடிவும்

மட்டாஞ்சேரிக்கு மெதுவாக ஓட்டினோம். யூதர் தெருக் கோடியில் 1568-ல் கட்டிய ஆலயம், கதவு சாத்தியிருந்தது. சனிக்கிழமை. மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்துவிட்டு அரண்மனைக்குத் திரும்பினோம், அது திறந்திருந்தது. போர்த்துகீசியர் கட்டி, பிறகு டச்சுக்காரர்கள் புதுப்பித்ததால் டச்சு அரண்மனை என்ற பெயர். உள்ளே ராமாயணச் சுவரோவியங்கள். படி ஏறி இறங்கியதில் அக்கா முகம் மாறியதைக் கவனித்தேன்.

மணி நாலு. ரயில் ஏழுக்கு மேல். வெளியே ஒரு சுவர் நிழலில் நின்று பேசினோம். எனக்கு மூன்று வழி தெரிந்தது.

திட்டப்படி 13 கிலோமீட்டர் ஓட்டுவது. நேரம் இருக்கிறது, முழங்கால் இல்லை. இதை அக்காவே முடித்துவைத்தார்: "ஏண்டா, எனக்கு அந்தத் தீவெல்லாம் வேண்டாம், எங்காவது உக்காந்து போற மாதிரி வழி சொல்லு."

இரண்டாவது, அவர்கள் ஆட்டோவில் போவது, நான் மட்டும் ஓட்டுவது. மாமா இதற்குத் தயாராக இருந்தார், "நீ ஆசைப்பட்டே வந்தே மாப்ளே, போய்ட்டு வா" என்றார். இதை ஏன் விட்டேன் என்றால், ரயில் டிக்கெட், பெட்டி எண், சங்கிலிச் சாவி எல்லாமே என்னிடம். வழியில் எனக்கு ஒரு பஞ்சர் ஆனால்கூட மூன்று பேரின் ரயிலும் தவறும். டிக்கெட்டை அவர்கள் போனுக்கு அனுப்பியிருந்தால் தீர்ந்தது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு இருந்த பதற்றத்தில் ஒன்றாகவே இருப்போம் என்று முடிவெடுத்தேன், அந்த முடிவு பிடிக்காமல் போகவில்லை.

மூன்றாவது வழி நான் யோசித்ததல்ல, மாமா ஒரு டீக்கடையில் கேட்டுவந்தது. ஃபோர்ட் கொச்சி படகுத்துறையிலிருந்து எர்ணாகுளம் துறைக்கு நேராக அரசுப் படகு. காலையில் பாலம் பாலமாகச் சுற்றிவந்த தூரத்தை அது குறுக்கே போய்விடுகிறது. சைக்கிளை ஏற்றுவார்களா என்று துறையில் கேட்டோம். மடக்கிக் காட்டச் சொன்னார்கள், மடக்கினோம். கூட்டம் குறைவாக இருந்ததால் பின்பக்கம் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

துறை வரை இரண்டரை கிலோமீட்டரை அக்கா ஓட்டவில்லை. மாமா தன் வண்டியை ஓட்ட, நான் என் வண்டியை ஓட்டிக்கொண்டே அக்காவின் வண்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வர முயன்று ஐம்பது மீட்டரில் கைவிட்டேன். கடைசியில் அக்காவையும் மடக்கிய வண்டியையும் ஆட்டோவில் ஏற்றினோம். ஆட்டோ கிடையாது என்ற நிபந்தனையை நாங்கள் போடவே இல்லை, டாக்ஸிதான் கிடையாது என்று மாமா நினைவூட்டினார்.

முடிவு

படகில் 25 நிமிடம். மாலை வெயில், ஒரு பக்கம் வில்லிங்டன் தீவின் துறைமுகக் கிரேன்கள், எதிரே எர்ணாகுளம் கட்டடங்கள். ஓட்டிப் பார்க்க நினைத்த தீவைத் தண்ணீரிலிருந்து பார்த்தேன். துறையில் இறங்கி எர்ணாகுளம் ஜங்ஷனுக்கு இரண்டு கிலோமீட்டர், அதில் பாதியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். ரயிலுக்கு ஒன்றேகால் மணி நேரம் மிச்சம். பழம்பொரியும் சாயாவும் நிதானமாக ஆயிற்று. கோவை வந்தபோது ராத்திரி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பின்விளக்கு இருந்தது இரண்டு வண்டிக்குத்தான், அதனால் அக்காவை அழைத்துப் போக மருமகன் பைக்கில் வந்தான்.

முழங்கால் வீக்கம் மூன்று நாளில் இறங்கியது, மருத்துவரிடம் போக வேண்டியிருக்கவில்லை. இரவல் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போது நெம்புகோல் விஷயத்தைச் சொன்னேன். "ஆமாமா, அது இறங்கும், நான் நடுவுல நடுவுல ஏத்திக்குவேன்" என்றார் நண்பர். வாங்கும்போது நான் கேட்கவில்லை, கொடுக்கும்போது அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த முறை மாற்றுவது

ஆலுவாவில் இறங்க மாட்டேன். எர்ணாகுளம் வரை உட்கார்ந்து போய், இரண்டு கிலோமீட்டர் ஓட்டி, படகில் ஃபோர்ட் கொச்சி. எங்கள் வேகத்தில் அதே ரயிலுக்குப் பத்து மணிக்குள் அங்கே இருந்திருப்போம். மெட்ரோவில் சைக்கிள் என்ற ஆசை உள்ளவர்கள் அதைத் திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளலாம், அப்போது தாமதமானால் போவது வெயில் ஏறாத காலை நேரம் அல்ல.

நேரத் தாளில் இனி ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனி வரி. மூன்று பேர், மூன்று வண்டி என்றால் ஒரு மாற்றத்துக்கு இருபது நிமிடம் என்று வைக்கிறேன், வண்டியை விரிப்பது, மடக்குவது, டிக்கெட், கழிப்பறை எல்லாம் அதற்குள். இருபது அதிகமாகத் தெரியும். எங்கள் பதிவில் சராசரி கிட்டத்தட்ட அதுதான்.

சைக்கிளை வீட்டிலிருந்து கொண்டுபோவது சரியா என்பதில் நாங்கள் மூவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஃபோர்ட் கொச்சியில் வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கிறது, கையை வீசிக்கொண்டு போய் அங்கேயே எடுக்கலாம், அப்படிப் போகிறவர்களுக்கு 2024 ஏப்ரலிலிருந்து ஹைகோர்ட்டில் ஏறினால் நேராக ஃபோர்ட் கொச்சிக்கு வாட்டர் மெட்ரோ படகும் ஓடுகிறது என்பது மாமா கட்சி. அவர் கட்சியில் நியாயம் அதிகம். தன் வண்டி, தன் சீட் உயரம் என்றால்தான் முழங்கால் பயம் இல்லை என்று அக்கா சொல்கிறார், வலித்தவர் சொல்வதால் மறுத்துப் பேச முடியவில்லை. ஒன்றில் மட்டும் தகராறு இல்லை: இரவல் வண்டி என்றால் கிளம்புவதற்கு முந்தைய நாள் அதில் ஏறப்போகிறவரே ஐந்து கிலோமீட்டராவது ஓட்டிப் பார்த்து, சீட் கோடு இருந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நாள், ஞாயிற்றுக்கிழமை. ஆலயமும் திறந்திருக்கும், அரண்மனையும் திறந்திருக்கும். மார்ச்சுக்குள் போகலாம் என்று பேச்சு. இந்த முறை தாளை அக்கா எழுதுகிறார். முதல் வரியில் தோபிக்கானா, ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கிறார். பக்கத்தில், அந்த அம்மாவுக்கு மைசூர்பா.